அத்தையின் வயிறு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, உக்கடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால் ஒன்று மெதுவாக விரிந்து மடங்கியது. கையில் பஜ்ஜித் தட்டோடு அப்பா அவசரமே இல்லாமல் தரையை நோக்கி இறங்கினார். தட்டு சாயவில்லை, ஒரு பஜ்ஜிகூட உருளவில்லை. தரைக்கு வந்து சேர்ந்ததும், ஒன்றுமே நடக்காதது போல, "எடுத்துக்கோங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் தட்டை நீட்டினார். அறை முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையாக வந்தவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான், மாப்பிள்ளையின் அம்மா. இடது கையை வயிற்றின் மேல் அழுத்தி வைத்தபடி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மாப்பிள்ள நல்லாத்தான் சிரிக்கறாரு. மாமியாக்காரிதான் ஒரு தினுசு. யோசிச்சுக்க கண்ணு." நான் யோசித்தேன். தினமும் கூட வாழப்போவது மாப்பிள்ளையோடுதானே, அவர் சிரிக்கிறாரே, அது போதும் என்று சம்மதித்தேன். இரண்டு பேரோடும்தான் வாழப்போகிறேன் என்பது துடியலூரில் அவர்கள் வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் உறைத்தது.

அத்தை என்று நான் கூப்பிட்ட என் மாமியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இன்று அவரை நினைத்தால் முதலில் அந்த இடது கைதான் கண்முன்னே வருகிறது. நல்ல உயரம். பருத்திச் சேலையை இடுப்பில் மற்ற பெண்களைவிட மேலேற்றி, இறுக்கிக் கட்டியிருப்பார். நடக்கும்போதும் நிற்கும்போதும் யாரிடமாவது பேசும்போதும் அந்தக் கை தொப்புளுக்கு மேலே படிந்தே இருக்கும். கோயிலில் எல்லோரும் விழுந்து கும்பிடுகிற இடத்தில் அவர் நின்றபடியே கைகுவிப்பார். தரையில் உட்கார மாட்டார். என் மகள் பிறந்தபோது மடியில் வாங்கிக் கொஞ்சினார். ஆனால் அவள் நடக்கத் தொடங்கிக் கையை உயர்த்தியபோது ஒரு முறைகூடத் தூக்கியதில்லை. மிளகாய் வறுக்கிற வாசம் வந்தால் பின்வாசலுக்குப் போய்விடுவார். அங்கே துணி துவைக்கிற கல்லில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் தும்முவார். ஒருவர் தும்முவதற்கு இவ்வளவு ஏற்பாடா என்று எனக்கு விநோதமாக இருக்கும்.

உறவுக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரே சொல் வைத்திருந்தார்கள். திமிர். அதை வெளிப்படையாகச் சொல்லும் தைரியம் இருந்தது காலமாகிவிட்ட என் மாமனாரின் தங்கைக்கு மட்டும்தான். கொடுமுடியில் இருந்ததால் எங்களுக்கு அவர் கொடுமுடிக்காரம்மா. எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்று கூப்பிடுவது வழக்கம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொடுமுடிக்காரம்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொள்வார். "எங்க நங்கையாளுக்கு வாயத் தொறந்து சிரிச்சாக் கவுரவம் கொறஞ்சு போயிருமுங்க. எங்கண்ணன் எத்தனை தமாஸ் பேசுவாரு தெரியுமா? அத்தனையும் செவுத்துக்குத்தான் பேசுனாரு." அத்தையின் காதில் அது விழுந்திருக்கும். அவர் எதுவும் சொன்னதில்லை. என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் மேசையில் இருக்கும். நான் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். கணவர் வீட்டின் பின்புறம் ஷெட் போட்டு லேத் பட்டறை நடத்தினார். அத்தைக்கும் எனக்கும் சண்டையும் இல்லை, நெருக்கமும் இல்லை. ஒரே வீட்டில் மரியாதையாக இருந்தோம்.

மகள் பிறந்தது அறுவை சிகிச்சையில். அடுத்து மகனுக்கும் அப்படித்தான். இரண்டாவதுக்குப் பிறகு என் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடம்பு இளைத்தது, முகம் இளைத்தது, வயிறு மட்டும் ஐந்து மாதக் கர்ப்பம் போல முன்னால் நின்றது. சாயங்காலமானால் முதுகு கழன்று விழும் போல வலிக்கும். மகன் ஓடி விளையாடுகிற பருவத்தில், ஒரு நாள் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "உக்காருங்கக்கா, மாசமா இருக்கறவங்க நிக்கக்கூடாது" என்று இடம் கொடுத்தாள். விளக்கிச் சொல்வதைவிட உட்காருவது சுலபமாக இருந்தது. உட்கார்ந்தேன். இறங்கும் வரை அந்தப் பெண் என் பையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அதன் பிறகுதான் கம்பெனித் தோழி ஒருத்தி சொல்லி பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருவரிடம் போனேன். இளவயது. என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துக்கொண்டு, "தலைய மட்டும் லேசாத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். அவருடைய விரல்கள் மூன்றும் என் வயிற்றுக்குள் இறங்கின. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் கெட்டியான விளிம்பு, நடுவில் ஒரு பள்ளம். என் உடம்பில் இப்படி ஓர் இடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை வயிற்றின் முன்பக்கம் பட்டையாக இரண்டு தசைகள் அருகருகே இறங்குகின்றன என்றார் அவர். அவற்றை நடுவில் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு நார்ப் பட்டை. பிள்ளை வளர வளர அது விரிந்து கொடுக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது, சிலருக்கு விரிந்தது விரிந்தபடி நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் சாய்வாக ஓடும் தசைகள் நாம் திரும்புவதற்கும் வளைவதற்கும். எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது முதுகிலிருந்து வயிற்றைச் சுற்றி வந்து அணைத்துப் பிடிக்கிறது. மேலே நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் பிரிக்கிற தசை, மூச்சு இழுக்கும்போது கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும். ஒரு குடம் தூக்கினாலும், இருமினாலும், தும்மினாலும் இவை எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து இறுகும். முன்பக்கம் பிரிந்து கிடந்தால் அந்த வேலையெல்லாம் முதுகின் தலையில் விழும். "உங்க முதுகுவலி முதுகுல இல்லீங்க, முன்னாடி இருக்கு" என்றார். செய்யச் சொன்ன பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. மல்லாக்கப் படுத்து, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே அடிவயிற்றை முதுகை நோக்கி உள்ளே இழுக்க வேண்டும். பழகிய பிறகு, இழுத்தபடியே ஒரு குதிகாலைத் தரையில் வழுக்கி நீட்ட வேண்டும்.

வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் போட்டுத் தினமும் காலையில் செய்தேன். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு தானும் மூச்சு விடுவாள். அத்தை சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். முதலில் சில நாட்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் கேட்டார்.

"என்ன அம்மணி அது, தூங்கற மாதிரியே ஒரு ஆசனம்?"

எனக்குப் புரிந்தவரை சொன்னேன். இரண்டு தசை, நடுவில் பட்டை, பிள்ளைப்பேற்றில் விரிவது. என் வயிற்றில் விரலை வைத்துக் காட்டித் தலையைத் தூக்கினேன். அவர் வழக்கம்போல இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். "மூடிக்குமா அது?" என்றார். முழுவதும் இல்லாவிட்டாலும் வலுவாகும் என்று சொன்னார்கள் என்றேன். "சரி, பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். அத்தை முன்கதவைத் தாழிட்டார். தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்து, ஒருக்களித்துச் சாய்ந்து, பிறகு மெதுவாக மல்லாக்கப் படுத்தார். சேலைக் கொசுவத்தைத் தளர்த்தினார். உள்ளே, பழைய சேலையைக் கிழித்து மடித்த நீளத்துணி ஒன்று வயிற்றைச் சுற்றி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. அதை அவிழ்க்க நேரமானது. கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் கை வெச்சுப் பாரு" என்றார்.

வைத்தேன். விரல்களை எண்ணத் தேவையே இல்லை. என் கை அப்படியே உள்ளே இறங்கியது. "தலையத் தூக்குங்க அத்த" என்றேன். அவர் தூக்கியதும் தொப்புளுக்கு மேலே தோலைத் தள்ளிக்கொண்டு ஒன்று வெளியே வந்தது. முழு எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது. நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அவர் பதற்றமில்லாமல் தலையைக் கீழே வைத்து, இரண்டு விரல்களால் ஒரு பக்கமாக அழுத்தி அதை உள்ளே அனுப்பினார். பழகிய கை.

"இவனப் பெத்துப்போட்டு எந்திரிச்சப்ப மஞ்ச வேவிக்கற காலம்" என்றார். அப்போது அவர்கள் கொடுமுடிக்குப் பக்கத்தில் மஞ்சள் பயிரிட்ட தோட்டத்தில் இருந்தார்கள். "பெரிய புள்ளைங்க ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. இவன் மூணாவது, நல்ல பெருங்கொழந்த. வயிறு கட்டுன துணிய அவுக்கறதுக்கு முன்னாலயே காட்டுக்குப் போயாச்சு. ஈர மஞ்சக் கூடையத் தூக்கறப்ப உள்ள என்னமோ உட்டுப்போன மாதிரி இருந்துது. வலிகூட இல்ல. பொறவு பாத்தா சின்னதா ஒண்ணு எட்டிப் பாக்குது. படுத்தா உள்ள போயிருது. சரி, போவுதுன்னு துணியக் கட்டுனேன். கட்டுனவதான்."

யாரிடமும் காட்டவில்லையா என்று கேட்டேன். யாரிடம் காட்டுவது என்று திருப்பிக் கேட்டார். அவருடைய மாமியாரிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார். வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சொல்வதாக அந்தம்மாள் எடுத்துக்கொண்டார். அதோடு அத்தை சொல்வதை நிறுத்திவிட்டார். எது செய்தால் அது வெளியே வரும் என்பதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் விலக்கிவிட்டார். பாரம் தூக்குவது, குனிவது, தரையிலிருந்து நேராக எழுவது. இருமலுக்குக் கையால் அணை கட்டினார். தும்மலுக்குப் பின்வாசல்.

"எல்லாத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுப்போட்டேன் அம்மணி. இந்தச் சிரிப்பத்தான் ஒண்ணும் பண்ண முடியல. எப்ப வருதுன்னு தெரியாது. வந்தா அடக்க முடியாது. வயித்தையே குலுக்கிப் பிதுக்கி வெளிய தள்ளிரும். அதனால அத உட்டுப்போட்டேன்."

அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்து மடித்தேன். அவரே மேலும் சொன்னார். "உன்னப் பாக்க வந்தன்னிக்கு உங்கப்பா தட்டோட கீழ போனாரே. எனக்கு உசுரு போயி உசுரு வந்துது. அந்தக் கரண்டுக் கம்பம் இல்லீன்னா அன்னிக்கு உங்க ஊட்லயே என்ன ஆகியிருக்குமோ."

சிரிப்பு முகத்தில் வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது வயிற்றின் வேலை என்பதை அன்று அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது புரிந்துகொண்டேன். நெஞ்சுக்கூட்டின் அடியில் இருக்கும் தசை உதறுகிறது, வயிற்றுத் தசைகள் விட்டுவிட்டு இறுகுகின்றன, அப்புறம்தான் வாய் திறக்கிறது. அதைத் தாங்கும் சுவர் அத்தைக்கு இல்லை. ஊரெல்லாம் திமிர் என்று சொன்னது ஒரு பிளவைக் கையால் பொத்திக்கொண்டு நின்ற நிற்பை. தன்னைப் பற்றி அப்படிப் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுத்துச் சொல்ல வேண்டுமென்றால் சேலையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அதைவிட, திமிர் பிடித்தவள் என்ற பெயர் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பிசியோதெரபி பெண்ணிடம் அவரைக் கூட்டிப்போக எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. அந்தப் பெண் பார்த்ததும் முகம் மாறி, இது பயிற்சியில் தீராது, உடனே சர்ஜனைப் பார்க்க வேண்டும், குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டால் ஆபத்து என்றார். அத்தை ஒழுங்காகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் புருசனுக்குத் தெரிய வேண்டாம். ஆம்பளப் பையன். இத்தன வருசம் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். நோம்பி போகட்டும், பாத்துக்கலாம்" என்றார். பண்டிகை போயிற்று. பிறகு மழை வந்தது, பட்டறையில் வேலை நெருக்கடி வந்தது. நான் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன், அவர் தள்ளிக்கொண்டே போனார். கணவரிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு என்னிடம் காட்டியவரின் முகம் நினைவுக்கு வரும். வாய் வராது.

மழை முடிந்த சமயம் அத்தைக்குச் சளி பிடித்து இருமல் விடாமல் இருந்தது. ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம். போய்ப் பார்த்தால் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் தரையில் உட்காராதவர். முகம் வெளுத்திருந்தது. இரண்டு கைகளும் வயிற்றில்.

"உள்ள போகமாட்டேங்குது அம்மணி" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது. தொட்டதும் பல்லைக் கடித்தார். அடுத்த நிமிடம் வாந்தி எடுத்தார். நான் பின்பக்கம் ஓடினேன். லேத் ஓடுகிற சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை. உள்ளே போய் நானே சுவிட்சை அணைத்தேன். ஏன் என்று நிமிர்ந்த கணவரிடம், "அத்தைக்கு ரொம்ப வருசமா வயித்துல குடலிறக்கம் இருக்குங்க. இப்ப மாட்டிக்கிச்சு. வண்டிய எடுங்க" என்றேன். கிரீஸ் கையோடு அவர் அப்படியே வந்தார்.

மருத்துவமனையில் அத்தையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். வந்த சர்ஜன் ஆண்தான். அத்தை அவரைப் பார்த்துக் கூசவில்லை. சர்ஜன் குனிந்து பார்த்துவிட்டு, "எத்தன நாளா இருக்குங்கம்மா இது?" என்று கேட்டார். அத்தை கையை உயர்த்தி, தலைமாட்டில் நின்ற என் கணவரைக் காட்டினார்.

"இவனுக்கு எத்தன வயசோ, அத்தன வருசமுங்க."

கணவர் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உன்னப் பெத்ததுல வந்துது சாமி. அத உங்கிட்டயே எப்பிடிச் சொல்றது?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காய்ந்துபோயிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிக்கொண்டே சொன்னார். "சின்ன வயசுல தூக்கச் சொல்லி அழுவேன். அம்மா தூக்கவே மாட்டா. அக்காதான் தூக்குவா. நான் கறுப்பா இருக்கறதாலதான் அம்மா தூக்கறதில்லன்னு பெரியக்கா ஒருக்கா வெளையாட்டுக்குச் சொன்னா. ரொம்ப நாள் அத நம்பிட்டிருந்தேன்." அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நல்ல வேளையாகக் குடல் கெட்டுப்போகவில்லை. சிக்கியதை விடுவித்து, பிளவைச் சேர்த்துத் தைத்து, அதற்கு வலுவாகச் செயற்கை வலை வைத்திருப்பதாகச் சர்ஜன் சொன்னார். மறுநாள் நர்ஸ் வந்து, நேராக எழக்கூடாது, ஒருக்களித்துக் காலைக் கீழே தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தபோது, "அது எனக்கு நல்லாத் தெரியுங்க கண்ணு" என்றார் அத்தை. இருமல் வந்தால் அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கணவர் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளைகளைச் சாப்பிட்டார். பட்டறையை மூடிப் போட்டுவிட்டுக் கணவர் அங்கேயே கிடந்தார்.

புண் ஆறி, டாக்டர் அனுமதித்த பிறகு, கூடத்தில் இன்னொரு பாயும் விரிந்தது. நானும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மூச்சுப் பயிற்சி செய்தோம். அத்தைக்கு வயிற்றை உள்ளே இழுக்கத் தெரிந்திருந்தது. அதை விடத்தான் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேல் நெஞ்சால் மட்டுமே மூச்சு விட்டிருக்கிறார். மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. முதல் முறை அவருடைய வயிறு தளர்ந்து மேலே எழுந்து இறங்கியபோது, தலையை லேசாகத் திருப்பி, வேறு யாருடைய வயிற்றையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகனை ஒரு நாள் தூக்கியும் பார்த்தார். அதற்குள் அவன் வளர்ந்திருந்தான். "எறக்கி விடுங்க ஆத்தா" என்று காலை உதைத்தான். இறக்கிவிட்டார்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. தடை நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார், வலை பிடித்துக்கொண்டது என்றார். கணவர் தினமும் சாப்பாட்டு மேசையில் எதையாவது சொல்லிப் பார்ப்பார். அத்தையின் கண் சுருங்கும், உதடு விரியும், பிறகு கை தானாக வயிற்றுக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். உடம்பு அத்தனை காலம் காத்ததை ஒரே நாளில் விட்டுவிடுமா என்று நான் நினைத்துக்கொள்வேன். கணவரும் பிறகு முயற்சி செய்வதை நிறுத்திவிட்டார்.

அடுத்த தை மாதம் கொடுமுடிக்காரம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். காவிரிக் கரைக்குப் பக்கத்தில் மண்டபம். விடியற்காலையில் முகூர்த்தம் முடிந்து, பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒறம்பரையாக வந்த உறவுப் பெண்கள் சிலர், இரவு முழுக்க விழித்த களைப்பில், மாடியறையில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்திருந்தோம். கொடுமுடிக்காரம்மா சுவரில் சாய்ந்து, "இடுப்பு ஒடியுதுங்க. மூணு பெத்ததுல இருந்து இந்த முதுகு எனக்குச் சொந்தமாவே இல்ல" என்று முனகினார்.

அத்தை நாற்காலியில் இருந்தார். நாத்தனாரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். "மல்லாக்கப் படு" என்றார்.

"எதுக்குங்க நங்கையா?"

"படுங்கறேன்."

அண்ணியின் குரலில் அப்படி ஓர் அதிகாரத்தை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. பட்டுச் சேலையோடு படுத்தார். அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நாத்தனாரின் சேலையை விலக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து, "தலையத் தூக்கு" என்றார். மற்ற பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விளிம்பைத் தேடினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தலையைத் தூக்கியபடி கழுத்து வலியெடுத்த கொடுமுடிக்காரம்மா பொறுக்க முடியாமல் கேட்டார்:

"ஏனுங்க நங்கையா, நாலாவது ஒண்ணு உள்ளாற இருக்குதுன்னு தேடறீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையின் தோள்கள் குலுங்கின. இடது கை வயிற்றுக்குப் போகப் பார்த்தது. அது நாத்தனாரின் வயிற்றில் மாட்டியிருந்தது. எடுப்பதற்குள் வந்துவிட்டது. முதலில் காற்று மட்டும், பிறகு சத்தம். கரடுமுரடாக, விட்டுவிட்டு, ரொம்ப நாள் ஓடாத மோட்டார் காற்றையும் தண்ணீரையும் மாற்றி மாற்றித் துப்புவது போல வந்தது. பிறகு நிலைபட்டு ஒரே ஓட்டமாக ஓடியது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. வயிறு முழுக்கக் குலுங்கியது. எனக்கு ஒரு கணம் பயம். அத்தை என்னைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மறுபடியும் சிரித்தார்.

சிரிக்காமல் இருந்தவர் இப்போது கொடுமுடிக்காரம்மா மட்டும்தான். படுத்தபடியே அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியுமே" என்றார் மெதுவாக. "நீங்க கல்யாணமாயி வந்த புதுசுல. நான் பாவாடை கட்டிட்டிருந்தேன். நீங்க சிரிச்சாத் தோட்டத்துக்கே கேக்கும். எங்கம்மா வையும். நானும் நீங்களும் ஓடிப் போயி வாழைக்குள்ள நின்னு சிரிப்போம். எப்பிடி நங்கையா அது எனக்கு மறந்துபோச்சு?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கும் ரெண்டு வெரல் போவுது. எந்திரி, அப்பிடியே எந்திரிக்காத, ஒருக்களிச்சு எந்திரி" என்று கையைக் கொடுத்தார். "அடுத்து நான், எனக்குப் பாருங்க" என்று இன்னொரு பெண் படுத்தாள். யாரோ ஏதோ சொல்ல, மறுபடியும் எல்லோரும் தொடங்கினார்கள்.

கதவு தட்டப்பட்டது. நான் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். கணவர் நின்றிருந்தார். பந்தியிலிருந்து வந்திருக்கிறார், கையில் ஈரம்.

"கீழ வரைக்கும் கேக்குது. உள்ள யாரு அப்பிடிச் சிரிக்கறது?"

"உங்கம்மாதாங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்க்க முயலவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி, கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். அதன் பிறகும் வெகு நேரம், கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தில் அவருடைய இரண்டு கால்களின் நிழல் அசையாமல் இருந்தது.